பாறை பார்க்கப் போனவர்

பிரிட்டிஷ் துருவப் பயணி ராபர்ட் ஸ்காட் தென்துருவத்துக்குக் கூப்பிட்டும், ஆஸ்திரேலிய நிலவியலாளர் டக்ளஸ் மாசன் போகவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும்.

1910-ன் தொடக்கம். தென்துருவத்தை முதலில் மிதிக்கப்போவது யார் என்ற பேச்சு சூடாக இருந்த நேரம். துருவத்துக்கு நடக்கிற குழுவிலேயே இடம் தருகிறேன் என்றார் ஸ்காட். மாசனுக்கு அப்போது 27 வயது. அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் கனிமவியலும் பாறையியலும் நடத்திக்கொண்டிருந்த விரிவுரையாளர். அவர் கேட்டது வேறு. ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே, யாரும் சரியாகப் பார்த்திராத அண்டார்க்டிகக் கடற்கரையில் என்னை இறக்கிவிடுங்கள் என்றார். அது ஒத்துவரவில்லை. சரி என்று தானே பணம் திரட்டி, அரோரா என்ற கப்பலைப் பிடித்து, 1911 டிசம்பரில் ஹோபார்ட்டிலிருந்து கிளம்பிவிட்டார்.

துருவப் புள்ளியில் ஒரு நிலவியலாளனுக்கு என்ன இருக்கிறது? இரண்டரை கிலோமீட்டருக்கும் மேல் கனமான பனிக்கட்டி. பாறை கண்ணில் படுவது கரையோரத்தில்தான். நிலவியல் படித்தவன் என்பதால் அவருடைய அந்த முடிவு எனக்கு உடனே புரிந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவின் மிகப் பழைய பாறைகளில், ஒரு காலத்தில் அங்கே பனிப்பாறைகள் ஊர்ந்து போனதற்கான தடயங்களை அவர் பார்த்திருந்தார். வெயில் கொளுத்துகிற அந்த நிலத்தில் பனி என்ன வேலை செய்தது என்று தெரிய வேண்டுமானால், இன்றும் உயிரோடிருக்கும் ஒரு பனிக்கண்டத்தை நேரில் பார்க்க வேண்டும். 1907-ல் இன்னொரு துருவப் பயணத் தலைவரான ஷாக்கிள்டனோடு அவர் முதல்முறை அண்டார்க்டிகா போனதே இதற்காகத்தான். அந்தப் பயணத்தில் எரெபஸ் எரிமலை உச்சிக்கு முதலில் ஏறியவர்களில் அவரும் ஒருவர். தன் ஆசிரியர் எட்ஜ்வொர்த் டேவிட்டோடும் மருத்துவர் மெக்கேயோடும் சேர்ந்து, வண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு, 1909 ஜனவரியில் தென் காந்தத் துருவத்தையும், அதாவது காந்த முள் செங்குத்தாக நிற்கும் இடத்தையும், அடைந்தார்.

ஆனால் மாசனைப் பற்றி யார் பேசினாலும் நேராக 1912 டிசம்பர் 14-க்குத்தான் போவார்கள். நானும் போகத்தான் வேண்டும்.

அரோராவில் போன மாசனின் குழு முகாம் போட்டிருந்த அண்டார்க்டிகக் கரையின் டெனிசன் முனை, கடல்மட்டத்தில் உலகிலேயே மிக மோசமான காற்று வீசும் இடம். உள்பீடபூமியில் குளிர்ந்து கனத்த காற்று, அணை உடைந்த தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கி வரும். ஆண்டுச் சராசரியே மணிக்கு 80 கிலோமீட்டர் அளவு. அங்கிருந்து மாசன், நின்னிஸ் என்ற இளம் ராணுவ அதிகாரி, சுவிட்சர்லாந்துக்காரரான மெர்ட்ஸ் ஆகிய மூவரும் நாய் வண்டிகளோடு கிழக்கே கிளம்பி, சுமார் 500 கிலோமீட்டர் போய்விட்டார்கள். மெர்ட்ஸ் முன்னால் பனிச்சறுக்கில். மாசன் தன் வண்டி மேல். நின்னிஸ் கடைசி வண்டிக்குப் பக்கத்தில் நடந்து வந்தார். மாசனின் வண்டி தாண்டிய அதே இடத்தில், பிளவை மூடியிருந்த பனி உடைந்து, நின்னிஸ் வண்டியோடும் ஆறு நல்ல நாய்களோடும் பிளவுக்குள் போனார். ஆழத்தில் ஒரு விளிம்பில் ஒரு நாய் மட்டும் முனகிக்கொண்டு கிடந்தது. மணிக்கணக்கில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை.

பிளவு வந்தால் முன்வண்டிதான் விழும் என்று கணக்குப் போட்டு, உணவில் பெரும்பகுதியைப் பின்வண்டியில் ஏற்றியிருந்தார்கள். சரியான கணக்குதான். ஆனால் விழுந்தது பின்வண்டி. கூடாரமும் அதோடு போயிற்று. மிஞ்சியது இரண்டு பேருக்குப் பத்து நாள் சாப்பாடு, நாய்களுக்கு ஒன்றுமில்லை. நாய்களையே ஒவ்வொன்றாகக் கொன்று தின்றுகொண்டு திரும்பினார்கள். மென்மையாக இருக்கிறதே என்று ஈரலையும் தின்றார்கள். 1913 ஜனவரி 8 அன்று மெர்ட்ஸ் இறந்தார். ஈரலிலிருந்த அளவுக்கு மீறிய வைட்டமின் ஏ நஞ்சானது என்று 1969-ல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் எழுதினார்கள், மறுப்பவர்களும் உண்டு.

இன்னும் 160 கிலோமீட்டர். தனியாள். ஒருநாள் காலில் என்னவோ வழுவழுவென்று இருக்கிறதே என்று காலுறையைக் கழற்றினால், உள்ளங்கால் தோல் முழுசாக, கெட்டியான தகடு மாதிரி கழன்று வந்திருந்தது. புதுத்தோலில் லனோலின் களிம்பைத் தடவி, கழன்ற தோலை மறுபடி அதே இடத்தில் வைத்துக் கட்டி, மேலே காலுறைகளை மாட்டிக்கொண்டு நடந்தார். அப்புறம் ஒரு பிளவில் விழுந்து கயிற்றில் தொங்கினார். ஏறினார், விளிம்பு உடைந்து மறுபடி விழுந்தார், மறுபடி ஏறினார். பிப்ரவரி 8 அன்று முகாமுக்கு வந்து சேர்ந்தபோது, கப்பல் சில மணி நேரத்துக்கு முன்புதான் போயிருந்தது. அவரைத் தேடுவதற்காக ஆறு பேர் தங்கியிருந்தார்கள். இன்னொரு குளிர்காலம் அங்கேயே.

இதைச் சொல்லிவிட்டு எல்லோரும் கதையை முடித்துவிடுகிறார்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வரும். முப்பது வயதில் மூன்று மாதம் பட்ட பாடு மட்டுமா ஒரு மனிதனின் வாழ்க்கை? அந்தப் பயணத்தின் அறிவியல் அறிக்கைகள் 22 தொகுதிகள். கடைசித் தொகுதி வெளிவந்தது 1947-ல்! இரண்டு உலகப் போர்களைத் தாண்டி, அச்சுச் செலவுக்குக் காசு தேடி, கொண்டுவந்த கல்லுக்கும் காற்றளவுக்கும் கணக்கு ஒப்படைத்திருக்கிறார். அண்டார்க்டிகாவில் கண்டெடுக்கப்பட்ட முதல் விண்கல், அங்கிருந்து உலகத்தோடு நடந்த முதல் வானொலித் தொடர்பு எல்லாம் அவருடைய குழுவின் வேலை. ஆஸ்திரேலியாவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் நடுவே இருக்கிற மக்குவாரி தீவில் பென்குயின்களை வேகவைத்து எண்ணெய் எடுத்த தொழிலை எதிர்த்துக் குரல் கொடுத்தார். 1933-ல் அந்தத் தீவு சரணாலயமானது. 1952 வரை அடிலெய்டில் பேராசிரியர். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில் வருஷக்கணக்கில் சுற்றினார்.

அவரைத் தெய்வமாக்கவும் எனக்கு மனமில்லை. இரண்டாம் குளிர்காலத்தில் வானொலிக் கருவியை இயக்கிய சிட்னி ஜெஃப்ரிஸுக்கு மனம் பேதலித்தது. ஆஸ்திரேலியா திரும்பியதும் அவரைத் தனியாக ரயிலேற்றி விட்டார்கள். அவர் வீடு போய்ச் சேரவில்லை. 1942-ல் மனநலக் காப்பகத்திலேயே இறந்தார். குழுவை அழைத்துப்போன தலைவருக்கு இதில் பொறுப்பு இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதையெல்லாம் இவ்வளவு நீளமாக எழுத ஒரு சொந்தக் காரணமும் உண்டு. நான் கல்லூரியில் சேர்ந்து முதன்முதலில் சுத்தியல் எடுத்துப்போனது பல்லாவரம் குன்றுக்கு. அங்கே இருப்பது சார்னோக்கைட்: எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும், நீலம் கலந்த கருஞ்சாம்பல் பாறை. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல் அது. பெயரும் அப்படி வந்ததுதான். 1954-ல் ஆஸ்திரேலியா அண்டார்க்டிகக் கரையில் மாசன் பெயரில் ஓர் ஆய்வு நிலையம் அமைத்தது. இன்றும் இயங்குகிறது. அதன் கட்டடங்கள் நிற்கிற பாறையும் சார்னோக்கைட்தான். வயது வேறு, வகை ஒன்று. அன்று பல்லாவரத்தில் உடைத்த துண்டு ஒன்று இன்னும் என் மேசை மேல் இருக்கிறது.