முதல் படி எத்தனை மில்லிமீட்டர்?

ஆர்க்கிடெக்சர் இறுதியாண்டு மாணவர் வேலைக்குத் தயாரா என்று தெரிந்துகொள்ள ஒரு மாடிப்படி போதும். கட்டுகிறவர் போன் போட்டுச் சந்தேகம் கேட்காமல் முடிக்கும்படி அதை வரைந்து தரச் சொல்லுங்கள்.

தளத்துக்குத் தளம் 3000 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ரைசர், அதாவது ஒரு படியின் உயரம், 150 வீதம் 20. நடுவில் உள்ள சமதளமான லேண்டிங்கில் திரும்பும் படி என்றால் இரண்டு ஓட்டம், பத்துப் பத்து ரைசர். ஆனால் ட்ரெட், அதாவது கால் வைக்கும் மிதி, ஓர் ஓட்டத்துக்கு 9 தான், பத்தாவது மிதி லேண்டிங்கிலேயே விழுந்துவிடும். ட்ரெட் 300 என்றால் ஓட்டத்தின் நீளம் 2700. இதை 3000 என்று போட்டுவிட்டு, லேண்டிங் அகலம் எங்கே போனது என்று தேடுகிற மாணவர்கள் ஏராளம். இரண்டு ரைசரும் ஒரு ட்ரெட்டும் கூட்டினால் 600 முதல் 640க்குள் வர வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில் வருகிறது.

கான்கிரீட்டுக்கு மேல் கல்லும் கலவையுமாகச் சேரும் ஃபினிஷ் தரைக்கு 75 மி.மீ., படிக்கும் லேண்டிங்குக்கும் 40. கான்கிரீட்டில் எல்லா ரைசரையும் 150 என்றே வார்த்தால், கல் பதித்து முடித்தபின் முதல் படி 115 ஆகவும் கடைசிப் படி 185 ஆகவும் நிற்கும். ஒன்றிரண்டு படி ஏறியதுமே கால் உயரத்தைப் பழகிக்கொள்கிறது. மாறுகிற படியில் தடுக்கிவிடும். வயதானவர்கள் இப்படிப்பட்ட படிகளில் எளிதில் விழுந்துவிடுவார்கள். சரியாக வர வேண்டுமானால் கான்கிரீட்டில் முதல் ரைசர் 185, கடைசி ரைசர் 115 என்று இருக்க வேண்டும். பார்க்கத் தவறுபோல இருப்பதால், சைட்டில் யாராவது அதை 150 ஆக்கிவிடுவார்கள். அதனால் கான்கிரீட் அளவு ஒரு வரிசையாகவும் ஃபினிஷ் அளவு இன்னொரு வரிசையாகவும், கட்டடத்தை நெடுக்காக வெட்டிக் காட்டும் செக்‌ஷனில் தனித்தனியே எழுதப்பட வேண்டும். கல்லூரி ஜூரியில், அதாவது டிராயிங்கை மதிப்பிடும் அமர்வில், மாட்டப்படும் செக்‌ஷன்களில் தரை என்பது ஒரே கோடு. அந்தக் கோட்டுக்குள் 75 மி.மீ. இருக்கிறது என்பதை ஐந்து வருடத்தில் யாரும் கேட்காமல் விடுவது மாணவர்களின் குற்றம் இல்லை.

கழிவறையும் இதே கதை. 100 மி.மீ. கழிவுக் குழாய் 3 மீட்டர் ஓடுகிறது, சரிவு 40க்கு 1 என்றால் முனைக்கு முனை 75 மி.மீ. இறங்கும். அதோடு நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் ட்ராப்பின் உயரத்தையும் சேர்த்தால்தான் ஸ்லாபை எவ்வளவு தாழ்த்த வேண்டும் என்று தெரியும். கம்பி டிராயிங் வருவதற்கு முன்பே ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியருக்கு இந்த எண் போயாக வேண்டும். வேலையின் வரிசையையும் டிராயிங்கிலேயே எழுதலாம்: குழாய் ஓட்டைகளை அடைத்தபின் வாட்டர்ப்ரூஃபிங், பிறகு தண்ணீர் தேக்கிச் சோதனை, அது தேறிய பிறகுதான் மேல் நிரப்பு. வாட்டர்ப்ரூஃபிங் முடிந்தபின் குழாய்க்காக உடைத்தால் கீழ்வீட்டுக் கூரையில் கசியும்.

சீலிங் கணக்கை மாணவர்கள் ஒருமுறையாவது கையால் போட வேண்டும். தளத்துக்குத் தளம் 3300. தரை ஃபினிஷ் 75, ஸ்லாபோடு சேர்த்து பீம் 600, இன்சுலேஷனோடு ஏ.சி. டக்ட் 350, விளக்கும் சீலிங் ஃபிரேமும் 150. மிச்சம் 2125, கையைத் தூக்கினால் சீலிங் இடிக்கும். டக்டை பீமுக்கு இணையாக ஓட்டலாம், உயரம் குறைந்தாலும் பரவாயில்லாத நடைபாதைக்கு மேல் கொண்டுபோகலாம், அகலப்படுத்தி உயரத்தைக் குறைக்கலாம். பீமில் ஓட்டை போடுவதை ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் முன்கூட்டியே கணக்குப் பார்த்து ஒப்புக்கொண்டால் மட்டுமே நினைக்கலாம். மூன்று துறைக்காரர்களோடு எப்படிப் பேசுவது என்பதை இந்த ஒரு கணக்கே கற்றுத்தரும்.

சாஃப்ட்வேர் தெரிந்தால் போதும் என்ற வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஃபினிஷ் தடிமன் தப்பாகப் போட்ட மாடல், தப்பான செக்‌ஷனைத்தான் மிக அழகாக வெட்டித் தரும்.

அமெரிக்காவில் உரிமம் பெறுவதற்கான ஏ.எக்ஸ்.பி. பயிற்சித் திட்டம் 2016இல் வந்தபோது மொத்தம் 3,740 மணி நேரம் கேட்டது. திட்டமிடலுக்கும் வடிவமைப்புக்கும் 1,080, அதைக் கட்டத்தக்க விவரமாகவும் ஆவணமாகவும் மாற்றுவதற்கு 1,520. கல்லூரியின் டிசைன் ஸ்டுடியோவில் நேரம் இதற்கு நேர்தலைகீழாகப் போகிறது. வடிவமைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை, 1:5 டீட்டெய்ல் வரைக்கும் அது தொடர வேண்டும் என்கிறேன்.

இறுதியாண்டில் ஒரு செமஸ்டரை இதற்குக் கொடுக்கலாம். 40 சதுர மீட்டருக்கு மிகாத ஒரு கட்டடம், முழு ஒர்க்கிங் டிராயிங், ஸ்பெசிஃபிகேஷன், அளவுப் பட்டியல். வரைந்தவரிடம் எதுவும் கேட்காமல் இன்னொரு மாணவர் அந்த டிராயிங்கிலிருந்து அளவு எடுக்கட்டும். இரண்டு பட்டியலும் எங்கே மாறுகிறதோ அங்கே டிராயிங்கில் ஓட்டை இருக்கிறது. மூன்றாமவர் காண்ட்ராக்டராக இருந்து கேள்விகளை எழுத்தில் மட்டும் அனுப்பட்டும். பதிலும் வாய்மொழியாக இல்லாமல் ரிவிஷனாகப் போக வேண்டும்: எண், தேதி, மாறிய இடத்தைச் சுற்றி ஒரு மேகக் கோடு. ஆர்1 என்ற திருத்திய டிராயிங் போன பிறகும் ஆர்0 என்ற முதல் டிராயிங் சைட்டில் கிடந்தால் சுவர் பழைய இடத்தில்தான் எழும்பும். ஆகவே பழைய தாளைத் திரும்ப வாங்கியதற்கான கையெழுத்துப் பதிவேட்டுக்கும் அந்தச் செமஸ்டரில் மதிப்பெண் போடுங்கள்.