கார்பன் இழை செராமிக் 2,000 டிகிரியிலும் எரியாதா?

பெங்களூரு அல்சூர் பகுதித் தமிழர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில், "கார்பன் இழை செராமிக் 2,000 டிகிரியிலும் எத்தனை காலமானாலும் எரியாது" என்றொரு செய்தி சுற்றி வருகிறது. சிலிக்கான் கார்பைடு என்ற செராமிக்குக்குள் கார்பன் இழைகளைப் பதித்துச் செய்யும் பொருள்தான் இது. அந்தச் செய்தி தவறு. ஆக்சிஜன் இல்லாத உலையில் கார்பன் இழை அவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்பது உண்மையே. காற்றிலோ அது ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸிலேயே வாயுவாகி அழியத் தொடங்கிவிடும். 2024-இல் இஸ்ரோ அறிவித்த பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் நிலைக்கான கார்பன்-கார்பன் நாசிலுக்கும் (கார்பன் இழையைக் கார்பனுக்குள்ளேயே பதித்துச் செய்த, சூடான வாயு வெளியேறும் குழல்) சிலிக்கான் கார்பைடு பூச்சு தேவைப்பட்டது இதனால்தான்.

சுற்றியுள்ள செராமிக் இழையைக் காக்காதா என்றால், ஓரளவே காக்கும். நுண்துளைகள் நிறைந்த கார்பன் கட்டமைப்புக்குள், 1,414 டிகிரியில் உருகும் சிலிக்கானை ஊறவிட்டு, அது கார்பனுடன் சேர்ந்து சிலிக்கான் கார்பைடாக மாறும்படி இப்பொருளைச் செய்யும் முறையில், உலை ஆறும்போது சிலிக்கான் கார்பைடு இழையைவிட அதிகமாகச் சுருங்க முற்படுவதால் மெல்லிய விரிசல்கள் விழுகின்றன. மிக உயர்ந்த வெப்பத்தில் செராமிக் விரிவடைவதாலும் சிலிக்கா (சிலிக்கான் ஆக்சைடு) படலம் உருவாவதாலும் அவை பெரும்பாலும் மூடிக்கொள்கின்றன. 700 டிகிரி அளவில் அவை திறந்தே கிடப்பதால், காற்று இழைவரை நுழைந்துவிடுகிறது. வெப்பம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்ற எண்ணம் இங்கே பொருந்தாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனவே அறை வெப்பநிலையில் வளைத்துப் பார்த்த வலிமை எண்ணை மட்டும் நம்பக் கூடாது. மாதிரித் துண்டைக் காற்றுள்ள உலையில் வைத்து, முன்னும் பின்னும் எடைபோட்டு, பின்னர் முறித்து, முறிந்த முகத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். முனை கூம்பி மெலிந்த இழைகளும் அவற்றைச் சுற்றி வெற்றிடமும் தெரிந்தால், வெளித்தோற்றம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பாகத்தைப் பயன்படுத்தக் கூடாது.