கியர்பாக்ஸ் ஆயில்: ஒரு திருத்தம்
பழைய பிஎம்டபிள்யூ கார்களின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அன்புடன் மறுக்கிறேன். அவற்றில் பல மாடல்களுக்கு எட்டு கியர் பெட்டியைச் செய்து தரும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அதிகபட்சம் 8 ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது. ஒர்க்‌ஷாப்பில் காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, கியர்பாக்ஸில் உள்ள தகட்டில் தயாரிப்பாளர் பெயரைப் படியுங்கள். பிறகு அந்நிறுவனத்தின் இணையதளத்தில் ஆயில் மாற்றும் பரிந்துரையைப் பாருங்கள்.

கும்பகோணத்தில் என் காரின் ஆயிலை இறக்கியபோது கெட்டி டிகாஷன்போலக் கறுத்து வந்தது. ஃபில்டர், அடியில் ஆயில் தேங்கும் பிளாஸ்டிக் தொட்டியோடு ஒட்டியே வருவதால் தொட்டியையும் சேர்த்து மாற்றினோம். செலவுதான். ஆனாலும் தஞ்சாவூர்ச் சாலையில் இப்போது கியர் விழுவதே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. அந்தச் சுகத்துக்காகத்தானே இந்தக் காரை வாங்குகிறோம்!