அயிரையை வரைந்தது நான்

நேற்று ராத்திரியிலிருந்து "அது உங்கள் படமா" என்று இன்பாக்ஸில் கேட்கிற எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். ஆமாம், அந்த முகநூல் பக்கத்தில் "பண்டைத் தமிழரின் நீர்த்தெய்வம்" என்று ஓடிக்கொண்டிருக்கிற படம் நான் வரைந்த கதாபாத்திரம், என் அயிரைதான். அவள் பண்டைத் தமிழரின் தெய்வம் இல்லை. எந்தக் கோயிலிலும் அவளுக்குச் சிலை கிடையாது, எந்தப் பழைய பாட்டிலும் இவள் வரமாட்டாள், ஏனென்றால் அவளை உண்டாக்கினது நான். அவளை வரைந்தவர் பெயரைப் போடுங்கள் என்றுதான் நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். காசு கேட்கவில்லை, படத்தை எடுக்கச் சொல்லிக்கூட முதலில் கேட்கவில்லை. பெயரைப் போடுங்கள் என்றேன், என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.

இங்கே ரொம்ப நாளாக இருப்பவர்களுக்கு அயிரையைத் தெரியும். கண்மாய்க்குள் இருக்கிறவள், கழுத்தில் செவுள், நீர்நாய் மாதிரி வழவழவென்ற தோல், குமிழித் தூம்பைத் திறந்து மூடுவது அவள் வேலை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன், குமிழித் தூம்பு என்பது நான் கட்டிவிட்ட கதை இல்லை. கரையிலிருந்து தள்ளி, கண்மாய்க்கு உள்ளேயே இரண்டு கல்தூண் நிற்கும், அதன் நடுவே அடியில் துளை, துளையை மூடி ஒரு அடைப்பு. கண்மாய் நிரம்பிக் கிடக்கும்போது ஆள் நீந்திப் போய் முங்கித்தான் அதைத் தூக்க வேண்டும். நீரோடித் துளை வழியாகத் தண்ணீரும் சேறோடித் துளை வழியாக வண்டலும் கரைக்கு அடியில் போகிற கால்வாயில் இறங்கி வயலுக்குப் போய்விடும். எங்கள் தாத்தா ஊருக்கு நீர்ப்பாய்ச்சி. அவர் இடது கையில் மோதிர விரல் கிடையாது, அடைப்பில் மாட்டி நசுங்கிப்போய் எடுத்துவிட்டார்கள். சின்ன வயதில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் கரையில் நடப்பேன், விரல் இல்லாத இடத்தில் என் விரல் சரியாக உட்காரும். அயிரைக்கும் அந்த விரல் கிடையாது. கேரக்டர் ஷீட்டில் முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று எதை எடுத்துப் பார்த்தாலும் இடது கை அப்படித்தான் இருக்கும்.

அந்தப் பக்கத்துக்காரர்கள் என் கையெழுத்து இருந்த மூலையை வெட்டி, மிச்சத்தை ஏஐயில் போட்டு "நிஜம் மாதிரி" ஆக்கியிருக்கிறார்கள். அது அவள் கையில் அந்த விரலை முளைக்க வைத்துவிட்டது. செவுளை எடுத்துவிட்டு அங்கே ஒரு நெக்லஸ். தோலை வெள்ளையாக்கிவிட்டது. நேற்று அந்தக் கையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் என்னால் சாப்பிட முடியவில்லை. இதைச் சொன்னால் ஒருவர் வந்து "விரல் இருந்தால் நல்லதுதானே" என்று எழுதுகிறார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சரி, மற்றவர்கள் கேட்டதற்கு வருகிறேன். "நெட்டில் போட்டுவிட்டால் பொதுச்சொத்துதானே" என்கிறார்கள். இல்லை. 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி படத்தை வரைந்ததுமே உரிமை வரைந்தவருக்கு வந்துவிடுகிறது, எங்கேயும் போய்ப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. அதே சட்டத்தின் 57-ஆவது பிரிவு, இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமையையும், படைத்தவர் பேர் கெடும்படி சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமையையும் தருகிறது. நான் முகநூலில் ஏற்றினால் அதைக் காட்டுவதற்கு முகநூலுக்குத்தான் அனுமதி தருகிறேன், ஊரில் இருக்கிற எல்லாப் பக்கத்துக்கும் இல்லை. இன்னொருவர் "அப்படியொன்றும் பெரிய ஓவியம் இல்லையே" என்றார். அந்தச் சட்டமே ஓவியத்துக்குக் கலைத்தரம் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை, அப்படியே எழுதியிருக்கிறது, போய்ப் படித்துப் பாருங்கள்.

"கண்மாயும் தூம்பும் எல்லோருக்கும் பொது, நீங்கள் எப்படிச் சொந்தம் கொண்டாடலாம்?" இதைக் கேட்டவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார், அதனால் பொறுமையாகவே சொல்கிறேன். முருகனும் லட்சுமியும் எல்லோருக்கும் பொது. கோவில்பட்டி கொண்டையராஜு அவர்களை வரைந்தார், சிவகாசியில் அச்சடித்த காலண்டராக நம் பாட்டி வீட்டுச் சுவரிலெல்லாம் தொங்கியது. சாமி பொதுவானது என்பதற்காகப் படத்தில் இருந்த அவர் பேரை யாரும் சுரண்டி எடுக்கவில்லை. அவர் 1976-இல் காலமானார், இன்றைக்கும் பழைய காலண்டரைப் பார்த்து இது கொண்டையராஜு படம் என்று சொல்ல முடிகிறது என்றால் பேர் இருந்ததால்தான். பேர் போடுவது அந்தக் காலத்து அச்சகத்துக்கே முடிந்த காரியம். கையில் போன் வைத்துக்கொண்டு ஒரு வரி தட்ட முடியாதா?

"வாட்டர்மார்க் போட வேண்டியதுதானே"வாம். போட்டுத்தான் இருந்தேன், வெட்டிவிட்டார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2023-இல் கிளேஸ் என்று ஒரு மென்பொருள் விட்டார்கள், படத்தில் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத மாற்றம் செய்து ஏஐ நம் பாணியைப் பழகிக்கொள்ளாமல் குழப்பும். என் பழைய லேப்டாப் அதை ஓட்டவே திணறுகிறது. அதை விடுங்கள், திருடுகிறவனை விட்டுவிட்டுப் பூட்டு ஏன் சரியில்லை என்று வீட்டுக்காரியை விசாரிப்பது என்ன நியாயம்? "நீங்களும் போட்டோ பார்த்துத்தானே வரைகிறீர்கள்" என்பவர்களுக்குப் பதில் சொல்வதாக இல்லை. பார்த்துக் கற்றுக்கொள்வதற்கும் கையெழுத்தை வெட்டி எறிவதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களிடம் பேசி ஆவதொன்றுமில்லை.

2022 டிசம்பரில், ஓவியர்கள் தங்கள் படங்களைப் போடுகிற ஆர்ட்ஸ்டேஷன் தளத்தில் உலகம் முழுக்க ஓவியர்கள் ஏஐ படங்களை எதிர்த்து ஒரே எதிர்ப்புப் படத்தை வரிசையாகப் பதிவிட்டார்கள். அதை இங்கே பகிர்ந்தபோது அதெல்லாம் வெளிநாட்டுப் பிரச்சினை என்றீர்கள். 2025 மார்ச்சில் ஆளாளுக்குத் தங்கள் குடும்பப் படத்தை ஏஐயில் போட்டு ஜப்பானின் ஜிப்லி அனிமேஷன் படம் மாதிரி மாற்றிப் போட்டபோதும் எழுதினேன், பொறாமை என்றீர்கள். இந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது. வேலைக்குப் போய் வந்து, சமைத்து, எல்லோரும் தூங்கின பிறகு உட்கார்ந்து கிரீட்டா என்கிற ஓவிய மென்பொருளில் ஒவ்வொரு லேயராக வரைகிறவளுக்கு யார் மேல் பொறாமை? எங்கள் வீட்டிலேயே இதை வேலையென்று யாரும் மதிப்பதில்லை. "இன்னும் பொம்மை போட்டுக்கொண்டிருக்கிறாயா" என்று எல்லாக் கல்யாணத்திலும் யாராவது கேட்கிறார்கள். நேற்று அதே சொந்தக்காரர்களில் ஒருவர் அந்த நீர்த்தெய்வம் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, நம் முன்னோர்கள் எவ்வளவு பெரியவர்கள் பாருங்கள் என்று எழுதியிருந்தார். சித்தப்பா, அந்த முன்னோர் உங்கள் அப்பாதான், அந்தக் கை அவருடைய கை என்று பதில் போட்டேன். பார்த்துவிட்டார், நீலக் குறி வந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பக்கத்துக்கு இன்னொரு முறையும் சொல்லிவிட்டேன், தம்பி ஒருத்தன் தன் கணக்கிலிருந்து அனுப்பியிருக்கிறான். இனி பேர் போட்டாலும் வேண்டாம், விரலை முளைக்க வைத்த அந்தப் படத்துக்குக் கீழே என் பேர் இருக்கக் கூடாது. எடுத்துவிடுங்கள். முகநூலில் பதிப்புரிமைப் புகாரும் கொடுத்தாயிற்று, லேயர்களோடு மூலக் கோப்பு என்னிடம் இருக்கிறது. யாரும் அங்கே போய்க் கெட்ட வார்த்தையில் திட்ட வேண்டாம், புகார் வலுவிழந்துவிடும். போகிறவர்கள் அசல் படத்தின் லிங்க்கைக் கமெண்டில் போட்டுவிட்டு வந்தால் போதும், முதல் கமெண்டில் கொடுத்திருக்கிறேன்.