ஊர் சுற்றத்தான் போகிறார்கள், போகட்டுமே

பெண்கள் மட்டும் குழுவாகச் சேர்ந்து எருசலேம் போய்வரலாம் என்று எந்தக் கத்தோலிக்கப் பங்கில் பேச்சு எழுந்தாலும் ஒரு வசனம் தவறாமல் வரும். "பக்தியாவது ஒண்ணாவது, ஊர் சுத்தத்தான் போறாங்க." சொல்பவர்களில் பெண்களும் உண்டு.

இது முழுப்பொய் என்று நான் வாதாடப் போவதில்லை. ஐம்பதைத் தாண்டிய நம் பெண்கள் பலருக்கு, யாருக்கும் சமைத்துப் போடாமல் பத்து நாள் வெளியே இருக்க வீட்டில் ஒத்துக்கொள்ளும் ஒரே காரணம் கோயில்தான். சிநேகிதிகளோடு கோவா போய்வருகிறேன் என்று எந்த அக்காவாவது சொல்லிப் பார்க்கட்டும். அதனால் வேளாங்கண்ணி, பூண்டி, காசு சேர்ந்தால் எருசலேம். தமிழ்நாடு அரசின் உதவித்தொகையும் இருக்கிறது: மற்றவர்களுக்கு 37,000 ரூபாய், அருட்சகோதரிகளுக்கு 60,000. மீதிக்குச் சீட்டுப் பணமும் மகள் அனுப்புவதும். இதில் கொஞ்சம் ஊர் சுற்றினால் யாருக்கு என்ன நஷ்டம்?

இந்த ஏளனம் புதிதும் இல்லை. நான்காம் நூற்றாண்டிலேயே நீசா நகர் ஆயர் கிரகோரியார், எருசலேம் பயணத்தால் ஆன்மாவுக்குத் தனி லாபம் ஒன்றுமில்லை என்று கடிதம் எழுதினார். அதில் பெண்களுக்கென்று ஒரு பகுதி. துணையில்லாமல் ஒரு பெண் அவ்வளவு தூரம் போக முடியாது, வாகன மிருகத்தில் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும், வழிநெடுகச் சத்திரங்களில் கண்டதும் நடக்கும், அடக்கம் கெடும். அவர் மட்டும் போய்வந்துவிட்டார். திருச்சபை வேலையாகப் போனாராம்!

கிட்டத்தட்ட அதே காலத்தில், 381 முதல் 384 வரை, ஐரோப்பாவின் மேற்குக் கோடியிலிருந்து வந்த எகேரியா என்ற பெண் புனித பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஊரில் இருந்த தோழிகளைச் சகோதரிகள் என்று அழைத்து, பார்த்ததையெல்லாம் எழுதி அனுப்பினார். சீனாய் மலையில் சவாரி செய்து ஏற முடியாது, செங்குத்தாக நடந்தே ஏற வேண்டும் என்று எழுதுகிறார், ஏறியும் இருக்கிறார். வழியில் எதைக் கண்டாலும் இது என்ன, அது என்ன என்று கேட்டுக்கொண்டே போகிறவர். தனக்குத் துருவிக் கேட்கும் குணம் அதிகம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

அந்தக் கையெழுத்துப் பிரதி 1884-இல் இத்தாலியின் அரெஸ்ஸோவில் ஒரு நூலகத்தில் கிடைத்தது. தலையும் வாலும் இல்லாமல் நடுப்பகுதி மட்டும். அன்றைய எருசலேமில் புனித வாரம் எப்படி நடந்தது என்று இன்று அறிஞர்கள் சொல்வதில் பெரும்பங்கு இந்தக் கடிதத்திலிருந்து வருவதுதான். குருத்து ஞாயிறன்று குழந்தைகள் முதல் கிளையேந்தி மலையிறங்கி வந்ததை எழுதியிருக்கிறார். பெரிய வெள்ளியன்று திருச்சிலுவை மரத்தை மக்கள் முத்தி செய்யும்போது திருத்தொண்டர்கள் ஏன் சுற்றிக் காவல் நிற்கிறார்கள் என்பதும் அதில் இருக்கிறது: முன்பு ஒருவன் முத்தமிடுகிற சாக்கில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டானாம். ஊர் சுற்றிய ஒரு பெண் வாயைத் திறந்து கேட்டதால் நமக்குக் கிடைத்த சரித்திரம் இது.

அவருக்கு முன்பே பேரரசி ஹெலெனா எண்பதை நெருங்கும் வயதில் போனார். 385-இல் ரோமாபுரியின் பணக்கார விதவை பவுலா கப்பலேறினார். பெத்லகேமிலேயே தங்கித் தன் சொத்தில் மடங்கள் கட்டி, 404-இல் இறந்து அங்கேயே அடக்கமானார். கரையில் நின்று கைநீட்டிய சின்ன மகனை விட்டுவிட்டு அவர் போனதை, விவிலியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த புனித எரோணிமுஸ் பெருமையாக எழுதுகிறார். அந்த இடம் மட்டும் எனக்கு இன்றும் ஜீரணமாகவில்லை. சரி, புனிதர்களோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போக வேண்டும் என்று சட்டமா என்ன.

என் குறை வேறு. நம் பெண்கள் ஊர் சுற்றுவதையும் முழுதாகச் சுற்றுவதில்லை. வழக்கமான பயணத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். இயேசு கல்யாண வீட்டில் தண்ணீரைத் திராட்சை இரசமாக்கிய கானாவூரில் தம்பதிகள் கைகோத்துத் திருமண வாக்குறுதியைப் புதுப்பிப்பார்கள், சான்றிதழ் வேறு உண்டு. கூட வந்த விதவைகளும் மணமாகாதவர்களும் ஓரமாக நின்று போட்டோ எடுத்துக் கொடுப்பார்கள். அந்தக் கல்யாண வீட்டில் திராட்சை இரசம் தீர்ந்ததைக் கவனித்துச் சொன்னது அன்னை மரியா. கணவரோடு அவர் அங்கே வந்ததாக நற்செய்தியில் ஒரு வரிகூட இல்லை. பெண்கள் குழு போனால் கானாவூரில் தியானிக்க இதுவே போதும்.

ஒலிவ மலையில் கர்த்தர் கற்பித்த செபம் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் பதித்திருக்கும் கோயிலுக்கு எல்லோரும் போவார்கள். தமிழ்ப் பலகை முன்னால் வரிசை கட்டிப் படம் எடுப்பார்கள். அந்த இடத்தை 19-ஆம் நூற்றாண்டில் வாங்கிக் கட்டியவர் லா தூர் தோவெர்ன் இளவரசி என்ற பெண்மணி. அவர் கல்லறையும் அங்கேயே, பளிங்குச் சிலையோடு இருக்கிறது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க நேரம் இருப்பதில்லை, பேருந்து கிளம்பிவிடும்.

அப்புறம் மகதலா, மகதலா மரியாவின் ஊர். கலிலேயக் கடலோரத்தில் தங்கும் விடுதி கட்டத் தோண்டியபோது, 2009-இல் முதல் நூற்றாண்டுத் தொழுகைக்கூடம் ஒன்று வெளிப்பட்டது. பக்கத்தில் 2014-இல் திறந்த கோயிலின் முன்மண்டபத்தில் எட்டுத் தூண்கள். ஏழு தூண்கள் இயேசுவோடு நடந்த பெண்களுக்கு. மகதலா மரியா, யோவன்னா, சூசன்னா, மார்த்தா என்று போகும் அந்த வரிசையில் பேதுருவின் மாமியாருக்கும் இடம் உண்டு. எட்டாவது தூணில் பெயரே இல்லை. அது எல்லாக் காலத்து விசுவாசப் பெண்களுக்கும். கீழே உள்ள சிற்றாலயத்தில் சுவர் நிறைய ஓர் ஓவியம். முகங்களே இல்லை, செருப்புக் கால்களும் இயேசுவின் அங்கியின் ஓரமும், அதைத் தொடும் ஒரு பெண்ணின் விரலும்தான். பன்னிரண்டு வருடம் இரத்தப்போக்கால் வருந்தி, தீட்டு என்று ஒதுக்கப்பட்டவள். மாதவிலக்கு என்று சொல்லிப் பலிபீடத்தருகே போகத் தயங்கும் பெண்கள் நம் பங்குகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை ஒருமுறையாவது அந்த ஓவியத்தின் முன் உட்கார வைக்க வேண்டும்.

மகதலா மரியாவை நற்செய்தியில் வரும் பெயரில்லாத பாவிப் பெண்ணோடு சேர்த்துக் குழப்பியது 591-இல் திருத்தந்தை கிரகோரியார் ஆற்றிய மறையுரை. (இவர் வேறு கிரகோரியார். பெயர் ராசி போல!) 2016-இல்தான் திருத்தந்தை பிரான்சிஸ் அவள் நினைவு நாளான ஜூலை 22-ஐத் திருத்தூதர்களின் நாட்களுக்கு இணையான விழாவாக உயர்த்தினார். நம் நாடகங்களில் இன்றும் அவள் தலைவிரி கோலம்தான்.

பெத்லகேமில் பால் குகைக்குக் கூட்டிப்போவார்கள். பிள்ளை வரம் கேட்கும் இடம். அங்கே சொல்வதற்கு ஒன்றுதான்: குழந்தையில்லாத பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தாதீர்கள். அவள் எதற்கு வந்தாள் என்பது அவளுக்குத் தெரியும். இன்னொன்று, அந்த ஊர்ப் பாலஸ்தீனக் கிறிஸ்தவப் பெண்களோடு பத்து நிமிடமாவது பேசுங்கள். எருசலேம் அவர்களுக்குப் பத்து கிலோமீட்டருக்குள், ஆனால் உயிர்ப்பு ஞாயிறுக்குப் போகவும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கடல் தாண்டிப் போகிற நமக்கு வாசல் திறக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் திறப்பதில்லை. புனித பூமி பற்றிய நம் சாட்சியங்களில் இது ஏன் வருவதே இல்லை?

2023 அக்டோபரில் போர் தொடங்கியதும் பல குழுக்களின் பயணம் நின்றுபோனது. இனித் திட்டம் போடுகிறவர்கள் நிலவரம் பார்த்துத்தான் போட வேண்டும். அந்தக் காத்திருப்பை வீணாக்காதீர்கள். எகேரியாவின் குழு ஒவ்வோர் இடத்திலும் அந்த இடத்துக்குரிய வேதப் பகுதியை வாசித்து, ஒரு திருப்பாடலும் செபமும் சொன்னது. அதற்குக் குருப்பட்டம் தேவையில்லை. திருப்பலியைச் சாமியார் நிறைவேற்றட்டும்; ஆளுக்கு ஓர் இடம் என்று பிரித்துக்கொண்டு வாசகத்தையும் விளக்கத்தையும் பெண்களே தயார் செய்யலாம். பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் பேசுகிறவர்களால் அங்கேயும் பேச முடியும்.

முன்பணம் கட்டும் முன் டூர்க்காரரிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள். மகதலாவில் அரை நாள். எருசலேம் பக்கத்து எயின் கரேமில் எலிசபெத்தைப் பார்க்க மரியா போன கோயிலுக்கு மேடேறிப் போக, முட்டிவலிக்காரர்களையும் கணக்கில் வைத்த நேரம். நாப்ளஸ் பக்கம் போகலாம் என்ற நிலை இருந்தால் யாக்கோபின் கிணறு. சமாரியப் பெண் இயேசுவிடம் எதிர்க்கேள்வி கேட்ட இடம். நேரமில்லை என்பார். ஒலிவ மரச் சாமான் கடைக்கு ஒதுக்கிய நேரத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

போய்வந்தவர்கள் யாராவது இருந்தால், உங்கள் குழுவில் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் தந்தார்கள் என்று கமென்ட்டில் எழுதுங்கள் அக்கா. அடுத்து போகிறவர்களுக்கு உதவும்.