உப்பு ஆவியோட ஏறாது

முந்தநாள் இருமலுக்கு வேது (ஆவி) பிடிக்கேக்க கொதிதண்ணிச் சட்டி கவிழ்ந்து ஒரு பிள்ளை அவிஞ்சது எல்லாருக்கும் தெரியும். பிள்ளையின்ர பேரையோ ஊரையோ கீழ ஆரும் எழுதாதேங்கோ. கொதிக்கிற உப்புத்தண்ணிச் சட்டியை முன்னுக்கு வைச்சு, போர்வையால மூடி, "நாள்பட்ட இருமல் மூண்டு நாளில போகும்" எண்டு ஒரு காணொளி சொன்னதை நம்பித்தான் அந்தத் தாய் செய்தவ. அவவைத் திட்டிறதை நிப்பாட்டுங்கோ. அந்தக் காணொளியைப் பகிர்ந்த ஆக்களில முக்கால்வாசிப் பேர் என்ர நட்புப் பட்டியலிலதான் இருக்கினம். அதுதான் கூட நோகுது.

முதல் விசயம், உப்பு ஆவியோட ஏறாது. ஆனையிறவு உப்பளத்தைக் கடந்து போய்வாற எங்களுக்கு இதை ஒருத்தர் விளங்கப்படுத்தத் தேவையில்லை. உப்பளப் பாத்தியில வெயில் தண்ணியைத்தான் கொண்டுபோகுது, உப்பு பாத்தியிலயே கிடக்குது. அடுப்பில வைச்ச சட்டியிலயும் அதுதான் நடக்குது. உப்பு உருகவே 801 பாகை வேணும், தண்ணி 100 பாகையில கொதிச்சு ஆவியாப் போயிடும். அந்தத் தண்ணியில ஒரு கரண்டி உப்புப் போட்டாலும் ஒரு கிலோ போட்டாலும் மூக்குக்கு வாறது வெறும் தண்ணி ஆவிதான். வெறும் ஆவி மூக்கடைப்புக்குக் கொஞ்சநேரம் சுகம் தரும், மறுக்கேல்ல. ஆனா சின்னப் பிள்ளையளுக்கு வேது பிடிக்கவே கூடாது. போர்வைக்குள்ள பிள்ளை ஒருக்கா உதறினால் சட்டி கவிழும். முகம், நெஞ்சு, தொடை எண்டு அவிஞ்சுபோகும்.

"அப்ப உப்பு ஒண்டுக்கும் உதவாதோ? எங்கட அம்மம்மா செய்தவதானே?" எண்டு கேக்கப் போறியள். உதவும். அம்மம்மா செய்தது கொப்பளிக்கிறது. அது சரியான வேலை. ஒரு தம்ளர், கிட்டத்தட்ட 250 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணிக்குத் தூளுப்பு அரைத் தேக்கரண்டி, தலை தட்டி அளந்தது. தலையை அண்ணாந்து அரை நிமிசம் கொப்பளிச்சுத் துப்பவேணும். ஒரு நாளைக்கு மூண்டு நாலு தரம் காணும். கல்லுப்பு எண்டால் நல்லாக் கரைச்சு, மண் அடியில தங்க விட்டு, மேல்தண்ணியை வடிச்சு எடுங்கோ. கூடப் போட்டால் கூடச் சுகம் எண்டு நினைக்கிறது பிழை, தொண்டை காய்ஞ்சு இன்னும் அரிக்கும். பிரஷர் உள்ள ஆக்கள் விழுங்கக் கூடாது. ஆறு வயசுக்கு உட்பட்ட பிள்ளையளுக்குக் கொப்பளிக்கத் தெரியாது, விழுங்கிப்போடுவினம்.

இரவில படுத்த உடன வாற இருமல் சிலருக்கு நெஞ்சிலயிருந்து வாறேல்ல. மூக்குச்சளி பின்பக்கத்தால தொண்டைக்குள்ள வடியிறதால வாறது. அதுக்கு உப்புத்தண்ணியால மூக்குக் கழுவுறது உண்மையாவே உதவும். ஒரு லீற்றருக்கு 9 கிராம், தூளுப்பில தலை தட்டி ஒண்டரைத் தேக்கரண்டி. ஆனா கிணத்துத் தண்ணியையோ குழாய்த் தண்ணியையோ பச்சையா மூக்குக்குள்ள விடக்கூடாது. நல்லாக் கொதிக்க வைச்சு, மூடி ஆறவிட்டு, அண்டண்டைக்குப் புதுசாக் கரைக்க வேணும். உப்புக் குறைஞ்சாலும் கூடினாலும் மூக்கு எரியும், அளவு பிழை எண்டதுக்கு அதுதான் அடையாளம்.

இவ்வளவுதான். உப்பு மூக்கோடயும் தொண்டையோடயும் நிண்டிடும்.

"ஆஸ்பத்திரியில நெபுலைசருக்குள்ள விடுறதும் உப்புத்தண்ணிதானே?" எண்டு ஒருத்தர் ஏற்கெனவே எழுதிப்போட்டார். ஓம், உப்புத்தண்ணிதான். அது கிருமி நீக்கி அடைச்ச 0.9 வீதக் கரைசல். மெசின் அதை நுண்துளியா உடைக்கிறதாலதான் உப்பு உள்ளுக்குப் போகுது, சூடாக்கிறதால இல்லை. 3 வீதக் கரைசலும் இருக்குது. அது தண்ணியை இழுத்துச் சளியை இளக்கும், ஆனா முட்டு (ஆஸ்துமா) உள்ள ஆளுக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கியும் போடும். அதாலதான் பக்கத்தில ஆள் நிண்டு, முதல் மூச்சுக்குழாயை விரிக்கிற சல்பியூட்டமோல் மருந்தைக் குடுத்துப்போட்டுக் குடுக்கினம். வீட்டு நெபுலைசருக்குள்ள குசினி உப்பைக் கரைச்சு ஊத்தாதேங்கோ, நீங்கள் கிருமியையும் சேர்த்து நெஞ்சுக்குள்ள அடிக்கிறியள்.

உப்பு அறை, உப்புக்குழல் (உப்புக்கல்லு வைச்சு மூச்சிழுக்கிற குழல்), உப்பு விளக்கு பற்றியும் கேட்டிருந்தியள். விளக்கு வெளிச்சம் தரும், அவ்வளவுதான். குழலுக்குள்ள இருக்கிற கல்லு நெஞ்சுக்குள்ள போற அளவுக்குத் தானாப் பொடியாகாது. சுவாசப்பையின்ர அடிவரைக்கும் போகத் துணிக்கை 5 மைக்ரோனுக்கு, அதாவது ஒரு மில்லிமீற்றரில ஆயிரத்தில அஞ்சு பங்குக்கு, கீழ இருக்கவேணும். உப்பு அறையில மெசின் உப்பை அரைச்சு ஊதுது, ஆனா நாள்பட்ட இருமலை அது மாத்தும் எண்டதுக்கு நம்பத்தக்க சான்று இல்லை. காசு உங்கட, செலவழியுங்கோ. இருமலோட இருக்கிற முட்டுக்காரரை மட்டும் அதுக்குள்ள கொண்டுபோய் இருத்தாதேங்கோ.

ஆனா எனக்கு உப்பை விட அந்த "நாள்பட்ட" எண்ட சொல்லுத்தான் பயம். எங்கட பக்கம் ஒரு மனுசன் மாசக்கணக்கா இருமினால் காரணம் எத்தினையோ இருக்கலாம். சூடடிப்புத் தூசி, மில்லு உமி, கதவு சாத்தின குசினிக்குள்ள விறகுப் புகை, பீடி. நெஞ்செரிவு இருமலும் இருக்குது. பிரஷருக்குக் குடிக்கிற எனலாபிரில் குளிசையாலயும் வறட்டு இருமல் வரும், குளிசையை மாத்தினால் சில கிழமையில நிண்டிடும், நீங்களா நிப்பாட்டாமல் கிளினிக்கில சொல்லுங்கோ. இதில ஒண்டையும் உப்பு மாத்தாது. காசநோயை அறவே மாத்தாது.

ரெண்டு கிழமைக்கு மேல இருமல் எண்டால் காசநோயோ எண்டு பாக்கச் சளிப் பரிசோதனை. மாவட்டத்துக்கு மாவட்டம் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்குது. பரிசோதனையும் இலவசம், ஆறு மாச மருந்தும் இலவசம். மூண்டு நாள் வேது, பிறகு ஒரு கிழமை கசாயம், பிறகு பாணி மருந்து எண்டு இழுத்தால், அந்த நாளெல்லாம் அதே அறையில படுக்கிற பேரப்பிள்ளையளும் அந்தக் காத்தைத்தான் இழுக்குதுகள்.

"உனக்கு எங்கட வைத்தியத்தில மதிப்பில்லை" எண்டு சொல்லப் போறவைக்கு: கொப்பளிக்கிற அளவை மேல ஒழுங்கா எழுதியிருக்கிறன், திரும்ப வாசியுங்கோ. கனபேர் நம்பிக்கையால உப்புப் பக்கம் போறேல்ல, கிளினிக் வாசலில ஆரும் கண்டிடுவினமோ எண்ட பயத்திலதான் உப்புப் பக்கம் போகினம். பெட்டைக்குச் சம்பந்தம் பேசேக்க கதை வரும் எண்டு தகப்பன் இருமலை மறைக்கிற வீடுகள் இஞ்ச இருக்குது. அந்த வீட்டுக்குத்தான் உங்கட காணொளி போய்ச் சேருது, ஒளிக்கிறதுக்கு இன்னுமொரு சாட்டா. மருந்து ஒழுங்காத் தொடங்கிக் கொஞ்சக் கிழமையில தொத்துறது நல்லாக் குறைஞ்சிடும் எண்டதை ஆரும் பகிரேல்ல.

கிளினிக்கில சளி எடுக்கப் போத்தில் தந்தால் காலமை சாப்பிட முன்னம் வாயை வெறும் தண்ணியால கழுவிப்போட்டு, முத்தத்தில, ஆக்களுக்குத் தள்ளி நிண்டு, ரெண்டு மூண்டு தரம் ஆழமா மூச்செடுத்து நெஞ்சிலயிருந்து காறி எடுங்கோ. எச்சில் சரிவராது, திருப்பி அனுப்புவினம். சளி வரவே இல்லை எண்டால் சொல்லுங்கோ, நான் மேல சொன்ன அந்த 3 வீத உப்புத்தண்ணியை நெபுலைசரால குடுத்துச் சளி எடுக்கிற முறையும் இருக்குது.

காணொளியைப் பகிர்ந்தவை இண்டைக்கு இரவுக்குள்ள அதை எடுத்துவிடுங்கோ. எனக்கு உள்பெட்டியில விளக்கம் அனுப்ப வேண்டாம்.