எத்தனால் சக்கையும் மக்காச்சோளமும் ஒன்றல்ல

மேய்ச்சல் மாட்டுக்கு மக்காச்சோளத்துக்குப் பதில் எத்தனால் ஆலைச் சக்கையை, அதாவது மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்து எத்தனால் எடுத்தபின் மிஞ்சுவதை, அப்படியே கொடுக்கலாம் என்கிறது ஒரு கட்டுரை. அது ஓரளவுதான் சரி. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் இது அன்றாடத் தீவனம்தான், ஆனால் அங்கே அளந்துதான் போடுகிறார்கள்.

மாவுச்சத்து ஆலையிலேயே சாராயமாகிவிடுவதால் மீதிச் சத்துகள் ஏறக்குறைய மூன்று மடங்கு செறிந்துவிடும். புரதம் 30 சதவீதத்தை ஒட்டி நிற்கும். மக்காச்சோளம் மிகுந்தால் புல்லின் செரிமானம் கெடும். சக்கையில் அந்தத் தொல்லை குறைவு. 300 கிலோ கன்றுக்கு நாளுக்கு 1.5 கிலோ உலர் சக்கை போதும். தரையில் கொட்டினால் மண்ணோடு வீணாகும், தொட்டியில் போடுங்கள்.

பெரிய ஆபத்து கந்தகம். ஆலையில் கந்தக அமிலம் சேர்ப்பதால் லோடுக்கு லோடு அளவு மாறும். மாடு குடிக்கும் தண்ணீரில் உள்ள சல்பேட்டையும் (கந்தகம் கலந்த உப்பு) கணக்கில் சேர்க்க வேண்டும். பலரும் விடுவது இதைத்தான். மொத்தத் தீவனத்தின் உலர் எடையில் கந்தகம் 0.4 சதவீதத்தைத் தாண்டினால் மூளை பாதிக்கலாம்: மாடு கண் தெரியாமல் முட்டும், தலையை அண்ணாந்து பிடிக்கும், வலிப்பு வரும். இந்த அறிகுறி தெரிந்தால் உடனே சக்கையை நிறுத்துங்கள். கால்நடை மருத்துவர் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடத் தாமதிக்கக் கூடாது.

சக்கையில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு என்பதால் காயடித்த காளைகளுக்குச் சிறுநீர்க் கல் அடைக்கலாம். சுண்ணாம்புக்கல் தூள் கலந்து, கால்சியத்தைப் பாஸ்பரஸைப்போல் ஒன்றரை மடங்காவது வையுங்கள். ஈரச் சக்கை வெயில் காலத்தில் சில நாளிலேயே பூசணம் பிடித்துவிடும்.